இரண்டாம் நாற்காலி

பதினொரு பருவங்கள் மில்கோ ரஸ்பெத்தின்
வலப்பக்கம் உட்கார்ந்து கிளாரினெட் வாசித்தவன் நான்.
நீளமான வாக்கியம் வருமுன்
காலணிக்குள் பெருவிரலை மடக்குவான்.
தோல் சற்றே உப்பும்.
அதைப் பார்த்து நானும் மூச்சைச் சேர்ப்பேன்.
கிளீவ்லாந்தில் இதற்குச் சம்பளம் தந்தார்கள்.

உருக்காலைக்குப் பின்தெருவில் பிறந்தவன்.
ஸ்லோவேனியர் சங்கக் கூடத்தில்
கல்யாணத்துக்குப் போல்கா ஊதுகையில்
ஆடிய யாரோ ஒருவரின் முழங்கை குழலில் இடித்து
பன்னிரண்டு வயதிலேயே முன்பல் ஓரம் போயிற்று.
அந்த இடுக்கில்தான் உன் நாதம் இருக்கிறதா என்றேன்.
"அது வெறும் பல்" என்றான்.

எங்கள் குழுவில் சுரம் நடுங்கக் கூடாது.
தம்ளரில் தண்ணீர் நிற்பதுபோல் நிற்க வேண்டும்.
மில்கோ தொடங்கியது எப்போது என்று
பக்கத்தில் இருந்த எனக்கே தெரியாது:
ஒலி முன்பே அங்கே இருந்தது,
எங்களுக்குத்தான் இப்போது காது திறந்தது.

வெள்ளி இரவுகளில்
ஐம்பத்தைந்தாம் தெரு நிலவறையில்
அதே உதடு அந்தத் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டும்.
பியானோவில் கார்னீலியஸ் டாப்ஸ்.
சுவரொட்டியில் மில்கோவின் பெயர் ரெக்ஸ் பேட்டன்.
குழல் அதுவேதான். சீவாளி மட்டும் மெல்லியது.
கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல்
இரண்டே சுரத்தில் நெடுநேரம் நிற்பான்.
திடீரென்று உச்சிப்படியில் தடுக்கி
உருண்டு உருண்டு வந்து
கடைசிப் படியில் காலூன்றுவான், தாளம் பிசகாமல்.
"அடப்பாவி, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வை!"
டாப்ஸ் கத்துவார்.
நான் தூண் மறைவில் இருந்தேன்.
பொறாமை இல்லை என்றுதான்
இதுவரை எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன்.

ஒப்பந்தத்தின் ஏழாம் விதி: வெளியே வாசிக்கலாகாது.
மேலாளர் மின்தூக்கியில் கேட்டார்,
மழை வருமா என்று கேட்கும் குரலில்:
"இந்த ரெக்ஸ் பேட்டன் யார், தெரியுமா?"
மொத்தம் ஆறு மாடி.
நான்காவதில் சொல்லிவிட்டேன்.

நாற்காலிக்கு நாற்காலி இரண்டடி.
வாரத்துக்கு முப்பத்தெட்டு டாலர் கூட.
இசைத்தாளில் அவன் பென்சில் எழுத்து:
இங்கே மூச்சு.
இங்கே வேண்டாம், பொறு.
ரப்பரை எடுத்தேன், வைத்தேன்.
ஓய்வு பெறும்வரை அவன் சொன்ன இடத்தில்தான் மூச்சு விட்டேன்.

அவனோ ஸ்டாக்ஹோம், ஒசாகா, மறுபடி ஸ்டாக்ஹோம்.
ஒரே இசைத்தட்டில்
ஒரு பக்கம் நால்வர் தந்தி வாத்தியத்தோடு,
மறுபக்கம் டாப்ஸோடு.
சாஸ்திரக்காரர்கள் அழுக்கு என்றார்கள்,
ஜாஸ்காரர்கள் சலவை என்றார்கள்.
இரண்டு வசையையும்
அடுத்த தட்டின் உறையில் அச்சிட்டான்.
இரண்டு பெயரும் இருந்தன, ஒன்றன்கீழ் ஒன்றாக.

எழுபத்தொன்றில் ஊர் வந்தான்.
நிலவறையில் இப்போது டயர் அடுக்கியிருக்கிறார்கள்;
டாப்ஸ் இல்லை.
அதே சங்கக் கூடம், மடக்கு நாற்காலிகள்,
சமையலறையிலிருந்து முட்டைக்கோஸ் வாடை.
கீழுதடு நடுங்கத் தொடங்கியிருந்தது.
ஜாஸில் அது யாருக்கும் தெரியவில்லை,
வேண்டுமென்றே செய்கிறான் என்று கைதட்டினார்கள்.
பிறகு, துணை யாருமின்றி,
நாங்கள் சேர்ந்து வாசித்த அந்த மெதுவான பகுதி.
ஒளிய இடமில்லாத பகுதி.
தம்ளர் தண்ணீர் ஆடியது.
ஆடிக்கொண்டே விளிம்புவரை வந்தது.
மூன்றாம் வரிசையிலிருந்து
அவன் காலணியைப் பார்த்தேன்,
தோல் உப்பியது,
மூச்சிழுத்தேன்.

பிறகு கோட்டு மாட்டுமிடத்தில்
என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்:
"அந்த மின்தூக்கி இன்னும் ஓடுகிறதா?"
ஓடுகிறது என்றேன். வேறென்ன சொல்வது.
சட்டைப் பையிலிருந்து
சீவாளிப் பெட்டியை எடுத்து நீட்டினான்.
"ஒன்று எடுத்துக்கொள்.
மெல்லியது. உனக்குப் பழக்கமிருக்காது."